கணிதப் பாடம் கைமீறிப் போகிறதா? பழுது எங்கே என்று பார்க்கும் முறை

ரியல் அனலிசிஸ், அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ரா, நிறுவல்களோடு நடத்தப்படும் லீனியர் அல்ஜீப்ரா. நிறுவல்களே மையமான இந்த மாதிரிக் கல்லூரிப் பாடத்தில் முதல் தேர்வு சறுக்கியதும் பெரும்பாலானவர்கள் எடுக்கும் முடிவு ஒன்றே: இனி இன்னும் அதிக நேரம் படிக்க வேண்டும். நேரம் போதாமல்தான் சறுக்கியது என்றால் சரி. பழுது வேறெங்கோ இருந்தால், இரண்டு மணி நேரம் தப்பாகப் படித்ததை இனி ஆறு மணி நேரம் தப்பாகப் படிப்பீர்கள், அவ்வளவுதான்.

"புரியவில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் ஏழெட்டுக் கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. வரையறை தெரியாதவரும், அடிப்படை அல்ஜீப்ராவில் ஓட்டை உள்ளவரும், எழுதத் தெரியாதவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். மூவருக்கும் மருந்து வேறு. எனவே கீழே உங்கள் அறிகுறியைத் தேடுங்கள். சோதனையைச் செய்துவிட்டு அப்புறம் தீர்வுக்குப் போங்கள். பல அறிகுறிகள் ஒன்றாக இருந்தால் வரையறை பற்றிய பகுதியில் தொடங்குங்கள். மற்றவற்றில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அறிகுறி: வகுப்பில் எல்லாம் புரிகிறது, தனியாக உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை

சோதனை: வகுப்பு நடந்த அன்று மாலையே நோட்டை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுங்கள். அன்று நிறுவிய தேற்றம் ஒன்றின் கூற்றை எழுதுங்கள். பிறகு நிறுவலை எழுதிப் பாருங்கள்.

கூற்றே முழுசாக வரவில்லை என்றால், வகுப்பில் உங்களுக்குப் புரிந்தது ஆசிரியர் பேசிய வாக்கியங்கள் மட்டுமே. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து சரியாக வருகிறது என்று தலையாட்டுவது வேறு, அந்த வரியை யோசித்துக் கொண்டுவருவது வேறு. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பொருத்தமானது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், படித்தபின் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களைவிட ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் நன்றாகவே செய்தார்கள். இரண்டு நாள், ஒரு வாரம் கழித்து வைத்தபோது நிலைமை தலைகீழ். அங்கே கொடுத்தது உரைநடைப் பத்திகள்தான், கணித நிறுவல்கள் இல்லை. ஆனால் படித்ததும் வரும் "தெரிந்துவிட்டது" என்ற நினைப்பை நம்பக் கூடாது என்பது இங்கும் பொருந்தும்.

கூற்று வருகிறது, நிறுவல் வரவில்லை என்றால், நீங்கள் அதை வரிவரியாக மனப்பாடம் செய்ய முயல்கிறீர்கள். விடுங்கள். ஒவ்வொரு நிறுவலையும் இரண்டு வாக்கியங்களில் சொல்லிப் பழகுங்கள். உதாரணமாக, "ஒருங்கும் (ஓர் எல்லையை நெருங்கிச் செல்லும்) தொடர்வரிசை எல்லாமே வரம்புடையது". இதன் நிறுவல் அரைப்பக்கம் போகும். உள்ளே இருப்பது இவ்வளவுதான்: ஏதோ ஓர் இடத்துக்கு அப்பால் எல்லா உறுப்புகளும் எல்லையிலிருந்து 1 என்ற தூரத்துக்குள் அடைபட்டுவிடுகின்றன, அதற்கு முன்னால் இருப்பவை எண்ணிவிடக்கூடிய சில மட்டுமே, இரு பகுதிகளின் வரம்புகளில் பெரியதை எடுத்தால் போதும். இந்த இரண்டு வாக்கியம் கையில் இருந்தால் மீதி அரைப்பக்கத்தைத் தேர்வறையில் நீங்களே எழுதிவிடலாம்.

கூற்றும் வருகிறது, நிறுவலும் வருகிறது, ஆனால் புதுக் கணக்குதான் நகரவில்லையா? அப்படியானால் உங்கள் படிப்பு முறையில் கோளாறு இல்லை. "மணிக்கணக்கில் ஒரே இடம்" என்ற பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி: வரையறை தெரியும், ஆனால் அதை வைத்து என்ன செய்வதென்று தெரியவில்லை

"தெரியும்" என்பதை முதலில் சந்தேகியுங்கள். நான்கு கேள்விகள்: ஒரு சொல் பிசகாமல் எழுத முடியுமா? பொருந்தும் உதாரணம் ஒன்று சொல்ல முடியுமா? மயிரிழையில் பொருந்தாமல் போகும் ஒன்று? வரையறையின் எதிர்மறையை "இல்லை" என்ற சொல்லைத் தொடக்கத்தில் ஒட்டாமல் விரித்து எழுத முடியுமா?

வெக்டர்களின் சார்பின்மையை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டால் பலர் சொல்வது: "எந்த வெக்டரும் இன்னொன்றின் மடங்காக இருக்கக் கூடாது." இரண்டு வெக்டர்களுக்கு அது சரி. (1, 0), (0, 1), (1, 1) மூன்றையும் வைத்துப் பாருங்கள். எதுவும் எதற்கும் மடங்கு இல்லை; ஆனால் மூன்றாவது, முதல் இரண்டின் கூட்டுத்தொகை. மூன்றும் சார்ந்தவை. அந்தப் பாதி வரையறையோடு ஒரு செமஸ்டர் முழுக்க ஓட்டிவிட முடியும், ஒவ்வொரு நிறுவலும் ஏன் இடிக்கிறது என்று தெரியாமலே.

மூன்றாவது, நான்காவது கேள்விகளில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். தொடர்ச்சியின் வரையறை: எப்சிலான் என்று எந்த மிகை எண்ணைக் கொடுத்தாலும், டெல்டா என்று ஒரு மிகை எண் கிடைக்கும், புள்ளியிலிருந்து டெல்டா தூரத்துக்குள் இருக்கும் எல்லா எக்ஸுக்கும் சார்பின் மதிப்பு எப்சிலானைவிடக் குறைவாகத்தான் விலகும். எதிர்மறை: ஏதோ ஓர் எப்சிலான் இருக்கிறது, நீங்கள் எந்த டெல்டாவைக் கொண்டுவந்தாலும், அந்தத் தூரத்துக்குள் ஏதாவது ஓர் எக்ஸ் எப்சிலான் அளவோ அதற்கு மேலோ விலகி நிற்கும். "எல்லா" இருந்த இடத்தில் "ஏதோ ஒன்று", "ஏதோ ஒன்று" இருந்த இடத்தில் "எல்லா". கடைசியில் இருக்கும் சமனின்மையும் திரும்புகிறது. இதை வாரத்துக்கு ஒரு வரையறைக்காவது கையால் எழுதிச் செய்யுங்கள். கண்ணால் படித்தால் ஒட்டாது.

அந்த "எல்லா", "ஏதோ ஒன்று" வரும் வரிசையை மாற்றினால் பொருளே மாறிவிடும். முதலில் புள்ளி, பிறகு டெல்டா என்றால் சாதாரணத் தொடர்ச்சி. முதலில் டெல்டா, பிறகு எல்லாப் புள்ளிகளுக்கும் அதே டெல்டா என்றால் சீரான தொடர்ச்சி. இது உங்களுக்கு மட்டும் குழப்பமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடரைக் கூட்டினால் தொடர்ச்சியான சார்புதான் கிடைக்கும் என்று 1821-இல் கணிதவியலாளர் கோஷி எழுதினார். அது பொருந்தாத ஒரு சைன் தொடரை 1826-இல் இன்னொரு கணிதவியலாளர் ஆபெல் காட்டினார். சீரான ஒருங்கல் (எல்லாப் புள்ளிகளும் ஒன்றாகவே எல்லையை நெருங்குவது) என்ற கருத்து தெளிவாகப் பிரிந்து வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு வகுப்பில் ஒரு மணி நேரத்தில் நடத்திவிடுகிறார்கள்.

சிக்கலை நேரில் பார்க்க எளிய வழி உண்டு. 0 முதல் 1 வரை எக்ஸின் அடுக்குகளை வரைந்து பாருங்கள்: எக்ஸ், எக்ஸ் வர்க்கம், எக்ஸ் கனம் என்று மேலே மேலே. 1-க்குக் கீழே உள்ள ஒவ்வொரு புள்ளியிலும் மதிப்பு 0-ஐ நோக்கிச் சரிகிறது. 1-இல் மட்டும் 1-ஆகவே நிற்கிறது. ஒவ்வொரு வளைவும் தொடர்ச்சியானது, எல்லையில் கிடைப்பதோ உடைந்த சார்பு. இந்த ஒரு படம் கைவசம் இருந்தால் அந்த அத்தியாயத்தின் பாதிக் கேள்விகளுக்கு எதிர்க்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை.

அறிகுறி: விடையைப் பார்த்தால் சரியாக இருக்கிறது, ஆனால் அந்த எண் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை

எக்ஸ் 3-ஐ நெருங்கும்போது எக்ஸ் வர்க்கம் 9-ஐ நெருங்குகிறது என்று நிறுவ வேண்டும். மாதிரி விடை இப்படித் தொடங்கும்: "டெல்டாவை, 1 மற்றும் எப்சிலானில் ஏழில் ஒரு பங்கு ஆகிய இரண்டில் சிறியதாகக் கொள்க." ஏழா? ஏன் ஏழு? மந்திரம் போட்டதுபோல் இருக்கிறது; நமக்கு இதெல்லாம் தோன்றாது என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள்.

அச்சில் இருக்கும் நிறுவல், யோசித்த வரிசையில் எழுதப்பட்டிருக்காது. யோசித்த வரிசை பெரும்பாலும் அதற்கு நேர் எதிர். கசங்கல் தாளில் நடந்தது இது:

எக்ஸ் வர்க்கத்துக்கும் 9-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காரணிப்படுத்தினால் (எக்ஸ் − 3) பெருக்கல் (எக்ஸ் + 3). முதல் காரணி நம் கையில் இருக்கிறது. அதைத்தான் டெல்டா கட்டுப்படுத்துகிறது. இரண்டாவது காரணிதான் தொந்தரவு, எக்ஸ் நகர நகர அதுவும் நகர்கிறது. அதற்கு ஒரு கூரை போட வேண்டும். எக்ஸை 3-இலிருந்து 1 தூரத்துக்குள் அடைத்துவிடுவோம். அப்போது எக்ஸ் 2-க்கும் 4-க்கும் நடுவில், எக்ஸ் + 3 என்பது 5-க்கும் 7-க்கும் நடுவில். ஆக இரண்டாவது காரணி 7-ஐத் தாண்டாது. மொத்த வித்தியாசம், தூரத்தின் ஏழு மடங்கைவிடக் குறைவு. அது எப்சிலானுக்குள் இருக்க வேண்டுமென்றால் தூரம், எப்சிலானில் ஏழில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். இரண்டு நிபந்தனை வந்துவிட்டது. இரண்டும் நிறைவேற, சிறியதை எடு.

1-க்குப் பதில் அரை என்று அடைத்திருந்தால் 7-க்குப் பதில் 6.5 வந்திருக்கும். அதுவும் சரிதான். 7-இல் புனிதம் எதுவும் கிடையாது.

இனி எந்த மாதிரி விடையைப் படித்தாலும் பக்கத்தில் ஒரு தாளில் அதன் கசங்கல் வடிவத்தை நீங்களே எழுதிப் பாருங்கள். பழக ஒன்று: எக்ஸ் 2-ஐ நெருங்கும்போது எக்ஸின் கனம் 8-ஐ நெருங்குகிறது. 1 தூரத்துக்குள் அடைத்தால் உங்களுக்கு 19 கிடைக்க வேண்டும்.

அறிகுறி: மணிக்கணக்கில் ஒரே இடம்

முதலில், உண்மையிலேயே மாட்டியிருக்கிறீர்களா, கேள்வியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடைசி இருபது நிமிடத்தில் தாளில் புதிதாக எதுவும் எழுதவில்லை என்றால் இரண்டாவதுதான்.

கேள்வியில் வரும் ஒவ்வொரு சொல்லின் வரையறையையும் எழுதுங்கள். கேட்பதை நிறுவ "எதைக் காட்டினால் போதும்" என்று கீழே எழுதுங்கள். நான் பார்த்தவரையில் முதல் மாதத்துக் கணக்குகளில் பெரும்பகுதி இதோடு முடிந்துவிடும். முடியவில்லையா, பொதுவான என் (n) வேண்டாம். 1, 2, 3 போட்டுப் பாருங்கள். குலம் (group) பற்றிய கேள்வியா, நான்கு உறுப்புள்ள குலத்தில் பாருங்கள். பிறகு, தந்த நிபந்தனைகளில் ஒன்றை எடுத்துவிட்டு, கூற்று பொய்யாகும் உதாரணம் தேடுங்கள். மூடிய இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு வரம்புடையது என்கிறார்கள். "மூடிய" என்று ஏன் சொன்னார்கள்? 0 முதல் 1 வரையிலான, முனைகள் சேராத திறந்த இடைவெளியில் எக்ஸின் தலைகீழி வரம்பில்லாமல் ஓடுவதைப் பார்த்தால், அந்த நிபந்தனையை நிறுவலில் எங்கே செலவழிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

இவ்வளவும் செய்து தாள் நிறைந்தும் வழி தெரியாவிட்டால் விடையைப் பார்ப்பதில் தப்பில்லை. பார்க்கும் விதம் இருக்கிறது. கையால் மூடிக்கொண்டு, உங்களுக்குத் தெரியாத முதல் வரி வரும்வரை மட்டும் பாருங்கள். மூடுங்கள். தொடருங்கள். ஏஐயிடம் கேட்பதென்றாலும் இதே கணக்குதான்: "முழு விடை வேண்டாம், என் இரண்டாவது பத்தியில் எங்கே தப்பு என்று மட்டும் சொல்" என்று கேளுங்கள். அது தரும் நிறுவலில் வழவழப்பான வாக்கியத்துக்குள் ஓட்டை இருப்பதும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க முடியாத நிலையில் இருக்கும்போதுதான் நாம் அதிகமாக அதை நம்புகிறோம். எப்படியானாலும் விடையைப் பார்த்த கணக்கை இரண்டு நாள் கழித்துப் பார்க்காமல் மறுபடி செய்யாவிட்டால் அது உங்கள் கணக்கில் சேராது.

அறிகுறி: விடை சரி என்று நினைத்தேன், மதிப்பெண் பாதிதான்

திருத்துகிறவர் கறார் என்று முடிவு கட்டும் முன் கீழே உள்ளவற்றில் எது என்று பாருங்கள்.

நிறுவ வேண்டியதிலிருந்தே தொடங்கி, உருட்டி உருட்டி "0 = 0" என்று முடித்திருக்கலாம். சோதனை: உங்கள் விடையைக் கடைசி வரியிலிருந்து மேலே படியுங்கள். ஒவ்வொரு அடியும் பின்னோக்கியும் செல்லுபடியானால், அந்த வரிசையில் திருப்பி எழுதிவிடுங்கள். வர்க்கப்படுத்திய இடத்தில் அடிக்கடி அறுந்துபோகும்.

ஒரே எழுத்தை இரண்டு வேலைக்கு வைத்திருக்கலாம். இரட்டை எண்கள் இரண்டின் கூட்டுத்தொகை இரட்டை என்று நிறுவ, முதல் எண் 2கே, இரண்டாவது எண்ணும் 2கே என்று எழுதிவிடுகிறார்கள். கூட்டினால் 4கே, இரட்டை, முடிந்தது. நிறுவியதோ ஓர் எண்ணை அதோடேயே கூட்டினால் இரட்டை என்பதை மட்டும். பார்க்கச் சின்னது, ஆனால் எப்சிலான் டெல்டா நிறுவல்களிலும் இதே தப்பு வேறு உடையில் வரும். இரண்டு தொடர்வரிசைகளுக்கும் ஒரே என் (N) போதும் என்று எடுத்துக்கொள்வீர்கள், பெரியதை எடுக்க மறந்துவிடுவீர்கள்.

மறுதலையை ("இது என்றால் அது" என்பதற்குப் பதில் "அது என்றால் இது") நிறுவியிருக்கலாம். உதாரணத்தை நிறுவல் என்று எழுதியிருக்கலாம். "தெளிவாகத் தெரிகிறது" என்று எழுதிய இடத்தில் உங்களுக்கே தெளிவில்லாமல் இருந்திருக்கலாம். அந்தச் சொற்களைச் சிவப்பில் வட்டமிட்டு, அங்கே எந்தத் தேற்றம் வேலை செய்கிறது என்று ஓரத்தில் எழுதுங்கள். எழுத முடியாத வட்டம்தான் உங்கள் மதிப்பெண் போன இடம்.

அறிகுறி: அசைன்மெண்டில் முழு மதிப்பெண், தேர்வில் கவிழ்கிறது

சோதனை: மூன்று வாரம் முந்தைய அசைன்மெண்டிலிருந்து ஒரு கணக்கை நோட்டு, நண்பர், இணையம் எதுவும் இல்லாமல் செய்யுங்கள். செய்ய முடியவில்லை என்றால் அந்த மதிப்பெண் உங்களுடையதாக இருக்கவில்லை.

செய்ய முடிகிறது, தேர்வில்தான் வரவில்லை என்றால் வேறு காரணம். அசைன்மெண்டுக்கு மேலே அத்தியாயத் தலைப்பு இருக்கிறது. எந்த உத்தி என்று அதுவே சொல்லிவிடும். தேர்வுத்தாளில் தலைப்பு கிடையாது. டக் ரோரர், கெல்லி டெய்லர் இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், திண்மங்களின் கன அளவு காணும் கணக்குகளை வகைவகையாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது முந்தினார்கள். கலந்து போட்டுச் செய்தவர்கள் ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் அவர்களை வெகுவாகத் தாண்டிவிட்டார்கள். ஆகவே பழைய கணக்குகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள். எடுத்ததும் விடை எழுத வேண்டியதில்லை. எந்த வரையறை, எந்தத் தேற்றம், முதல் அடி என்ன என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போகலாம். சலிப்பாக, மோசமாகச் செய்வதுபோல் இருக்கும். இருக்கட்டும்.

அறிகுறி: யோசனை சரி, கணக்குப் போடும்போது தப்பு

இதை "கவனக்குறைவு" என்று தள்ளிவிடாதீர்கள். திருத்தி வந்த தாள்களில் விழுந்த தப்புகளை இரண்டு வாரம் ஒரு பக்கத்தில் குறித்து வாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வகைதான் திரும்பத் திரும்ப வரும்: குறை எண்ணால் பெருக்கும்போது சமனின்மையைத் திருப்பாதது, எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலம் எக்ஸின் மட்டு மதிப்பு என்பதை மறந்து எக்ஸ் என்றே எழுதுவது, பூச்சியமாகலாம் என்று பார்க்காமல் வகுப்பது. அந்த வகைக்கு மட்டும் பள்ளிப் புத்தகத்தை எடுத்து அரை மணி நேரம் செய்யுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அறிகுறி: மூன்று வாரம் பின்தங்கிவிட்டேன்

விட்ட இடத்திலிருந்து வரிசையாகப் படித்துவருவேன் என்று கிளம்பினால் எப்போதும் மூன்று வாரம் பின்னாலேயே இருப்பீர்கள். இன்றைய வகுப்பைப் பிடியுங்கள். விட்ட வாரங்களிலிருந்து வரையறைகளையும் தேற்றக் கூற்றுகளையும் மட்டும் ஒரே நாளில் எழுதிவிடுங்கள், நிறுவல் வேண்டாம். இன்றைய பாடம் எந்தப் பழைய தேற்றத்தைக் கூப்பிடுகிறதோ அதன் நிறுவலை மட்டும் அப்போது போய்ப் படியுங்கள். கூப்பிடப்படாதது தேர்வுக்கு முந்தைய வாரம்வரை காத்திருக்கட்டும்.

அறிகுறி: குழுவாகப் படித்தும் பயனில்லை

குழுவில் எப்போதும் ஒருவரே பேனா பிடிக்கிறாரா? அப்படியானால் மற்றவர்களுக்கு அது இன்னொரு வகுப்புதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் யூரி ட்ரைஸ்மன் 1970-களில், கால்குலஸில் தடுமாறிய மாணவர்களையும் நன்றாகச் செய்த மாணவர்களையும் கவனித்தார். நன்றாகச் செய்தவர்களில் பலர் தனியாகப் படித்துவிட்டு, பிறகு கூடி ஒருவர் வேலையை ஒருவர் சரிபார்த்தார்கள். அவர் பின்னர் தொடங்கிய பட்டறைகளில் கொடுத்தது எளிய திருத்தப் பயிற்சிகள் அல்ல, கடினமான கணக்குகள். வரிசையைக் கவனியுங்கள்: முதலில் தனியாக, பிறகு கூட்டாக. வெறுங்கையோடு குழுவுக்குப் போகாதீர்கள். அரைகுறை முயற்சியாவது கையில் இருக்கட்டும். எழுதி முடிப்பது மறுபடி தனியாக.

அறிகுறி: ஆசிரியரிடம் போனால் என்ன கேட்பதென்றே தெரியவில்லை

"ஐந்தாவது கணக்கு புரியவில்லை, சார்" என்றால் அவர் ஐந்தாவது கணக்கை முழுசாகப் போட்டுக் காட்டுவார், நீங்கள் தலையாட்டுவீர்கள், முதல் அறிகுறிக்குத் திரும்பிவிடுவீர்கள். உங்கள் தாளைக் கொண்டுபோய், "மேடம், இந்த வரி வரைக்கும் வந்தேன். இங்கே தொடர்வரிசை ஒருங்குகிறது என்று காட்டணும்னு தெரியுது, வரம்புடையதுன்னு மட்டும்தான் காட்ட முடிஞ்சது. ஒருங்கும் துணைத் தொடர்வரிசை ஒன்று எடுத்தால் போதுமா?" என்று கேளுங்கள். ஒரு நிமிடத்தில் பதில் கிடைக்கும், மீதி நேரத்தில் இன்னும் இரண்டு கேட்கலாம்.

எல்லாம் பார்த்தும் ஓடவில்லை என்றால்

பாடத்தின் முன்தேவைப் பட்டியலை எடுங்கள். அதில் உள்ள பாடத்தின் பழைய இறுதித் தேர்வுத்தாள் ஒன்றை நேரம் வைத்து எழுதுங்கள். பாதிகூட வரவில்லை என்றால் இப்போதைய பாடத்தில் என்ன முயன்றாலும் அடித்தளம் தாங்காது. விலகிக்கொள்ளும் கடைசித் தேதியைப் பார்த்து, அதற்கு முன்பே கல்வி ஆலோசகரிடமும் ஆசிரியரிடமும் பேசுங்கள்; நிறுவல் எழுதப் பழக்கும் அறிமுகப் பாடம் ஏதாவது இருந்தால் அதை முதலில் எடுத்துவிட்டு அடுத்த முறை வரலாமா என்று கேளுங்கள். உதவித்தொகையோ பட்டத்துக்கான கால வரம்போ பாதிக்கப்படுமா என்பதையும் அன்றே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.